கட்டைவிரல் சிக்குகிறதா? டேப், உப்புத்தாள், ஸ்லக், மறுதுளை: சேலத்திலிருந்து ஒரு கணக்கு

பெங்களூரில் ஒரு பௌலிங் அரங்கு, சனிக்கிழமை மாலை. பத்தாவது ஃப்ரேம், அதாவது கடைசிச் சுற்று. இரண்டு ஸ்ட்ரைக் அடுத்தடுத்து விழுந்திருந்தது. மூன்றாவது வீச்சில் பந்து கையை விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. கட்டைவிரல் துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு கணம் பிந்திக் கழன்ற பந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பி, லேனில் டம் என்று விழுந்து, இடது ஓரக் கால்வாயில் இறங்கிச் சாவகாசமாக உருண்டு போனது. பக்கத்து லேனில் பிறந்தநாள் கொண்டாட வந்திருந்த குழந்தைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு அது வித்தை போலத் தெரிந்திருக்கும்.

(பௌலிங் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் கிரிக்கெட்தான். நான் சொல்வது மூன்று விரலை நுழைத்துக் கனத்த பந்தை உருட்டி, 60 அடி தள்ளி நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கும் ஆட்டம். பந்து ஓடும் பாதைதான் லேன், ஒரே வீச்சில் பத்தும் சாய்ந்தால் ஸ்ட்ரைக்.)

திரும்பி வரும் பேருந்தில், தொப்பூர் இறக்கத்தில், ஒரு முடிவுக்கு வந்தேன். துளை சின்னதாகிவிட்டது, பெரிதாக்க வேண்டும். விரல் சிக்கினால் ஓட்டையைப் பெரிதாக்குவதுதானே நியாயம்? மறுநாளே உப்புத்தாளை எடுத்தேன். அது முழுத் தப்பு என்று புரிய இரண்டு மாதமும், வீணான துளை ஒன்றும் ஆனது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதைப் பொறுத்தது. வீடு சேலத்தில். பந்துக்குத் துளை போட்டுத் தந்தவர் பெங்களூரில், 200 கிலோமீட்டர் தள்ளி. மாதம் ஒரு தடவை, நேரம் வாய்த்தால் இரண்டு தடவை போவேன். ஆகவே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளை வைத்து எடை போட்டேன். இதைச் சேலத்தில், என் வீட்டு மேஜையில் வைத்துச் செய்ய முடியுமா? தப்பாகிப் போனால் பழையபடி ஆக்க முடியுமா? செலவு மூன்றாவதுதான். ஒரு பந்து வாங்கும் காசோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சில்லறை.

சிக்குவது எதனால்

என் பந்து 14 பவுண்டு, அதாவது ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவிரலும் மோதிரவிரலும் முதல் மூட்டு வரைதான் உள்ளே போகும். ஃபிங்கர்டிப் பிடி என்பார்கள். கட்டைவிரல் மட்டும் முழுசாக நுழையும். கை முன்னால் வந்து கணுக்காலைத் தாண்டும் இடத்தில் முதலில் கட்டைவிரல் கழல வேண்டும். அப்போது பந்தின் கனம் முழுவதும் ஒரு நொடித்துளிக்கு மற்ற இரண்டு விரல்களில் நிற்கும். அந்த விரல்கள் கடைசியாக ஒரு சுண்டு சுண்டுவதால்தான் பந்து சுழலும், லேனின் கடைசியில் வளையும். கட்டைவிரல் பிந்தினால் சுழற்சியும் போச்சு, திசையும் போச்சு. வலது கைக்காரருக்குப் பந்து பெரும்பாலும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

சரி, கட்டைவிரல் ஏன் பிந்துகிறது? துளை இறுக்கமாக இருந்தால் பிந்தும். அது எல்லோருக்கும் தோன்றுவது. தோன்றாதது என்னவென்றால், துளை தளர்வாக இருந்தாலும் பிந்தும். அனேகமாக அப்படித்தான் அதிகம் பிந்துகிறது.

வார் தளர்ந்த ரப்பர் செருப்பைப் போட்டு நடந்து பாருங்கள். நீங்கள் நினைக்காமலேயே கால்விரல்கள் மடங்கிச் செருப்பைக் கவ்வும். வீடு திரும்பும்போது பாதம் வலிக்கும். கையும் அதையேதான் செய்கிறது. தளர்ந்த துளையில் ஆறு கிலோ பந்து கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து கட்டைவிரல் உள்ளுக்குள் மடங்கிக் கொக்கி போட்டுக்கொள்கிறது. கொக்கி போட்ட விரல் வழுக்கிக்கொண்டு வராது. வீசுகிறவருக்கோ விரல் சிக்கியதுதான் தெரியும், ஏன் சிக்கியது என்று தெரியாது. துளையைப் பெரிதாக்குவார், கொக்கி இன்னும் இறுகும், இன்னும் பெரிதாக்குவார். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

எது உங்கள் கோளாறு என்பதைத் துளையைவிடக் கட்டைவிரல் தெளிவாகச் சொல்லும். ஆடி முடித்ததும் வெளிச்சத்தில் பாருங்கள். மூட்டின் பின்புறத்தில், நகத்துக்குக் கீழே இருக்கும் கணுவில், காய்ப்போ சிவப்போ இருந்தால் நீங்கள் விரலை மடக்கிக் கவ்வுகிறீர்கள். துளை தளர்வு என்று சந்தேகப்படலாம். விரலைச் சுற்றிலும் சிவந்து, உருவும்போது தோல் சுருண்டு இழுத்தால் நிஜமாகவே இறுக்கம். விரலின் அடியில் ஒரே இடத்தில் கீறல் விழுந்தால் துளையின் விளிம்பு கூராக இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு நீட்டி இழுத்து வலித்தால் பிரச்சினை துளையின் அளவில் இல்லை, துளைகளுக்கு இடையிலான தூரத்தில் இருக்கலாம்.

எனக்குக் கணுவில் காய்ப்பு. மாதக்கணக்காக இருந்தது. ஆட்டக்காரனுக்கு அடையாளம் என்று பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

விரலின் அளவு நிலையாக இல்லை

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். பந்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். "என்ன தம்பி, பீரங்கிக் குண்டா?" என்று கேட்டுவிட்டு, வெர்னியரை எடுத்து என் விரலையும் துளையையும் அளந்தார். அளப்பதற்கு முன்னால் என்னைப் பத்து நிமிஷம் விசிறிக்கடியில் உட்கார வைத்தார். "மோதிர அளவு குடுக்க வெயில்ல நடந்து வர்றவங்கள உடனே அளக்கவே மாட்டேன். அளந்தா, ராத்திரி மோதிரம் கழண்டு விழுந்துருச்சுன்னு மறுநாள் வந்து நிப்பாங்க."

அவர் சொன்னது அப்படியே பந்துக்கும் பொருந்தும். சூட்டில் விரல் உப்பும், குளிரில் ஒடுங்கும். முந்தின ராத்திரி உப்பும் காரமுமாக இரண்டு தட்டுவடை செட் உள்ளே போயிருந்தால் காலையில் மோதிரம் கழலாது என்பது என் சொந்த அனுபவம். ஆட ஆட, மூன்றாவது கேமுக்குள் ரத்தம் ஓடி விரல் தடிப்பதும் உண்டு. டிசம்பரில் ஏற்காடு போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, விடியற்காலைப் பனியில் ஏரியோரம் நின்றபோது, ஜூலையில் சோப்பு போட்டும் கழலாத என் மோதிரம் தானாகச் சுழன்றது. கீழே இறங்கி அஸ்தம்பட்டி வருவதற்குள் பழையபடி பிடித்துக்கொண்டது.

இதில் சேலத்துக்காரர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஏப்ரல் மாதம், வெளியே 40 டிகிரியை நெருங்கும் மதியத்தில், நம் வீட்டில் உட்கார்ந்து துளையைச் சரிபார்க்கிறோம். "இறுக்கமா இருக்கே" என்று தேய்க்கிறோம். அப்புறம் பெங்களூர் போய், ஏசி ஓடும் அரங்கில் ஆடுகிறோம். அங்கே விரல் ஒடுங்கியிருக்கும், துளை தொளதொளவென்று இருக்கும். நான் செய்தது இதையேதான். துளையின் அளவைத் தீர்மானிக்க வேண்டிய இடம் ஆடும் இடம், வீடு இல்லை.

பட்டறை அண்ணன் இன்னொன்றும் கவனித்தார். "உங்க விரல் வட்டமா இல்லையே, முட்டையாட்டம் இருக்கு. ஓட்டை ரவுண்டா போட்டிருக்காங்க. ரெண்டும் எப்படிப் பொருந்தும்?" நல்ல கேள்வி. அனேகமாக எல்லோருடைய கட்டைவிரலும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் தட்டை. வட்டத் துளையில் அகலமான பக்கம் உரசும், தட்டையான பக்கம் இடைவெளி விடும். இறுக்கமும் தளர்வும் ஒரே துளையில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அப்போதுதான் உறைத்தது.

துளைக்குள் ஒட்டும் டேப்

இப்போது வழிகளுக்கு வருவோம். என் ஓட்டு முதலில் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இதற்கென்றே விற்கும் டேப் சிறு சிறு துண்டுகளாக, ஓர் ஓரம் வளைவாக வெட்டி வரும். முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் என்று இரண்டு அகலம் சாதாரணமாகக் கிடைக்கும். வழவழப்பானது ஒன்று, சொரசொரப்பானது ஒன்று. துளையைக் கொஞ்சம் தளர்வாகப் போட்டுவிட்டு, டேப்பால் அன்றன்றைய விரலுக்கு ஏற்ப இறுக்குவது, தளர்த்துவது. அவ்வளவுதான் தத்துவம். தளர்ந்த துளைக்கு டேப் இருக்கிறது, இறுகிய துளைக்கு அப்படி எதுவும் கிடையாது. நல்ல துளைக்காரர் ஒரு மயிரிழை பெரிதாகவே போட்டுக் கொடுப்பது அதனால்தான்.

எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நகம் படும் பக்கத்தில் ஒட்டினால் விரலின் சதைப்பகுதி எதிர்ச் சுவரில் நன்றாகப் பதியும், விரல்களுக்கு இடையிலான தூரம் மாறாது. சதை படும் பக்கத்தில் ஒட்டினால் டேப்பின் கனம் அளவுக்குக் கட்டைவிரல் பின்னே தள்ளப்படும், அந்தத் தூரம் ஒரு மயிரிழை கூடும். ஒரு துண்டு என்றால் தெரியாது, நான்கு துண்டு ஒட்டினால் கை உணரும். ஆகவே அளவைச் சரிசெய்ய நகப் பக்கம். உணர்வை மாற்ற மட்டும், அதாவது பிடிமானம் வேண்டும் அல்லது வழுக்கல் வேண்டும் என்றால், சதைப் பக்கம் ஒரே ஒரு துண்டு. நான் நகப் பக்கம் வழவழப்பானதை ஒட்டுகிறேன், சதைப் பக்கம் வெறுமனே விட்டுவிட்டேன்.

விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். விளிம்பிலேயே ஒட்டினால் நாலு வீச்சில் பிய்ந்து சுருண்டு அதுவே விரலைப் பிடிக்கும். ஒட்டுவதற்கு முன் துளையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் வேர்வையின் பிசுக்கில் ஒட்டாது. உருவ ஒரு சாமணம் போதும். வீட்டில் கேட்காமல் எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எலக்ட்ரீஷியன் டேப் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஒட்டிப் பார்த்தேன். ஸ்கூட்டர் டிக்கிக்குள் சேலத்து வெயிலில் ஒரு மணி நேரம் இருந்த பிறகு அதன் பசை கசிந்து துளை முழுக்க ஜவ்வாகிவிட்டது. சொல்லப்போனால் பந்தையே வண்டி டிக்கியில் வெயிலில் விடக்கூடாது. சூடேறிக் குளிரும்போது விரிசல் விட வாய்ப்புண்டு.

குறை என்று சொன்னால், டேப் தேயும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாறு துண்டுக்கு மேல் தேவைப்பட்டால் அது டேப்பின் வேலை இல்லை, துளையே உங்கள் விரலுக்கு உரியதில்லை என்று அர்த்தம். மற்றபடி என் இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று பதில் சொல்லும் வழி இது.

விரலிலேயே சுற்றும் டேப்

துணி போல நெகிழும் டேப்பைக் கட்டைவிரலின் மேலேயே ஒட்டிக்கொள்வது இன்னொரு முறை. இதில் எனக்குப் பிடித்தது, எந்தப் பந்தை எடுத்தாலும் விரலுக்குப் படும் பரப்பு ஒன்றே. வேர்வையும் தொந்தரவு தராது. உள்ளங்கை வேர்க்கும் ஆசாமிகளுக்கு இது வரப்பிரசாதம். கொப்புளம் வந்த விரலோடு ஆடி முடிக்க வேண்டிய நாளிலும் கைகொடுக்கும்.

பிடிக்காதது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும் பொறுமை வேண்டும். ஒரு நாள் சுருக்கம் விழுந்தால் அன்று முழுக்க ரிலீஸ், அதாவது பந்து கையை விட்டுப் போகும் விதம், மாறும். அதோடு, தப்பான துளையை இது மறைத்துவிடும். வலி தெரியாததால் கோளாறு தெரியாது. துளையைச் சரிசெய்துவிட்டு அதற்கு மேல் இதைப் பயன்படுத்துங்கள், துளைக்குப் பதிலாக வேண்டாம்.

உப்புத்தாள்

என் பாவ அறிக்கை இங்கே. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கடைசல் குச்சியில் 120-ஆம் நம்பர் உப்புத்தாளைச் (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்) சுற்றி, டிவி பார்த்துக்கொண்டே துளைக்குள் விட்டுச் சுற்றினேன். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. துளையிடும் பிட்டுகள் 64-இல் ஒரு பங்கு அங்குலம் என்ற படியில் ஏறும். அது வெறும் 0.4 மில்லிமீட்டர். அந்த ஒரு படி வித்தியாசமே கட்டைவிரலுக்குச் சட்டென்று தெரியும். நான் எத்தனை படி தாண்டினேனோ, அடுத்த முறை பந்தை வீசப் பின்னால் கொண்டுபோனபோதே நழுவப் பார்த்தது. கவ்வினேன். சிக்கியது. இன்னும் தேய்த்தேன். கடைசியில் அந்தப் பந்தில் ஆறு துண்டு டேப் ஒட்டி, நானே தேய்த்த பள்ளத்தை நானே நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ஆகவே துளையின் அளவை மாற்ற உப்புத்தாளைத் தொடாதீர்கள் என்பேன். ஆனால் அதற்கு இரண்டு நல்ல வேலைகள் உண்டு.

ஒன்று, விளிம்பு. துளையின் வாய் கூராக இருந்தால் விரல் வெளியே வரும்போது அடிச்சதையை அறுக்கும். 220-இல் தொடங்கி 400-இல் முடித்து, விளிம்பை லேசாக உருட்டிவிட்டால் விரல் வெண்ணெய் போல வரும். பலருக்கு இது ஒன்றே போதும், துளைக்குள் எதுவுமே செய்ய வேண்டியிருக்காது. ஆனால் ஆசை மிஞ்சி விளிம்பை அகலமாகச் சரித்துவிட்டால், விரலைப் பிடித்திருக்கும் சுவர் குறைந்து மறுபடி கவ்வத் தொடங்குவீர்கள். பத்துச் சுற்று, விரலை விட்டுப் பார்ப்பது, மறுபடி பத்துச் சுற்று என்று போங்கள்.

இரண்டாவது, அந்த முட்டை விவகாரம். விரலில் முகப் பவுடரைப் பூசித் துளைக்குள் விட்டு, திருகாமல் நேராக வெளியே எடுங்கள். பவுடர் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. பெரும்பாலும் விரலின் இரு பக்கவாட்டிலும்தான் அழிந்திருக்கும். அந்த இரண்டு இடத்தை மட்டும் 400-ஆல் தொட்டுக் கொடுத்தால் போதும். தூசியை மூக்கில் இழுக்காதீர்கள், அது பிசின் தூள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் செய்யலாம்.

வீட்டில் செய்ய முடியுமா, முடியும். திரும்பப் பெற முடியுமா, முடியாது. எனவே கடைசி ஆயுதங்களில் ஒன்று.

ஸ்லக், கழற்றி மாட்டும் கட்டைவிரல் உருளை

ஸ்லக் என்பது யூரித்தேன் போன்ற பிளாஸ்டிக்கில் வரும் உருளை. பந்தில் பெரிய துளை போட்டு, உருளையை அதற்குள் ஒட்டி, உருளையின் நடுவில் உங்கள் விரலுக்குத் துளை போடுவார்கள். லாபம் என்னவென்றால், பந்து எந்தப் பொருளில் ஆனது என்றாலும் விரலுக்குப் படுவது ஒரே வழவழப்பு. துளை கெட்டால் பந்தை நிரப்ப வேண்டாம், உருளையை மட்டும் மாற்றலாம்.

இதன் அடுத்த கட்டம் கழற்றி மாட்டும் உருளை. பந்தில் ஒரு கூடு நிரந்தரமாக இருக்கும். உருளையை அதில் வைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். ஒரே உருளையை எல்லாப் பந்துக்கும் மாற்றி மாட்டலாம். ஒன்றுக்கு மேல் பந்து வைத்திருப்பவர் இதற்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. ஒரு பந்தில் மூன்று டேப், இன்னொன்றில் ஒன்று என்று நினைவு வைத்துக்கொள்ளும் தொல்லை ஒழியும். விரல் உப்பும் நாளுக்கு ஒன்று, ஒடுங்கும் நாளுக்கு ஒன்று என இரண்டு அளவு உருளை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைகிற என்னைப் போன்றவர்களுக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கிறது.

வீட்டில் செய்ய முடியாது. போய்த்தான் ஆக வேண்டும். ஒற்றைப் பந்தோடு மாதம் ஒரு தடவை ஆடுகிறவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நிரப்பி, மறுபடி துளையிடுவது

அளவு சரி, விளிம்பு சரி, டேப்பும் சரி, இன்னும் விரல் பிந்துகிறது அல்லது முந்துகிறது என்றால் கோளாறு துளையின் சாய்விலோ இடைத்தூரத்திலோ இருக்கிறது. சாய்வைப் பிட்ச் என்பார்கள் (இதுவும் கிரிக்கெட் பிட்ச் இல்லை). துளை பந்தின் மையத்தை நோக்கி நேராக இறங்காமல் உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் முன் பிட்ச். விரலுக்குப் பிடிமானம் கூடும், கழலத் தாமதமாகும். உள்ளங்கையை விட்டு விலகிச் சாய்ந்தால் பின் பிட்ச், சீக்கிரம் கழலும். இடது வலது சாய்வு தனி. இடைத்தூரம் நீளமாக இருந்தால் பொதுவாகப் பின் பிட்ச் கூடத் தேவைப்படும், குட்டையாக இருந்தால் முன் பிட்ச். எல்லாம் எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு.

இதை மாற்ற ஒரே வழி, பழைய துளையைப் பிசினால் நிரப்பி, அது ஒரு நாள் இறுகிய பிறகு, புதிதாகத் துளையிடுவது. கையைப் பார்த்து அளப்பதற்கு நீங்களே நேரில் போக வேண்டும். முடிந்தால் அவர் முன்னால் நாலு பந்து வீசிக் காட்டுங்கள். சவ்வு வலிக்கிறவர்கள், கட்டைவிரல் அடியில் வலி உள்ளவர்கள், சுற்றிச் சுற்றி டேப் ஒட்டிக் காலத்தைக் கடத்தாமல் நேராக இங்கே வந்துவிடுவது நல்லது. இடைத்தூரத் தப்பை எந்த டேப்பும் தீர்க்காது.

இதோடு சேர்ந்ததுதான் லேத் யோசனை. இரும்பாலை ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? என்னோடு ஆடும் ஒருவர் அப்படித்தான் ஒரு பட்டறையில் கொடுத்தார். துளை கண்ணாடி போல அழகாக வந்தது. ஆனால் உருண்டையைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்தும் தாங்கி அங்கே இல்லை. துளை பெரிதானதோடு அதன் சாய்வும் மாறிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் கேட்டதைத்தான் செய்தார். பெங்களூர் பேருந்துக் கட்டணத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்து, நிரப்பித் துளையிடும் செலவை இழுத்துக்கொண்டார் நண்பர்.

மற்றவை

பவுடர், ரோசின், நுண்ணிழைத் துணிப் பந்து எல்லாம் வேர்வைக்கான மருந்து, அளவுக்கான மருந்து இல்லை. பையில் இருக்கட்டும். பவுடர் பந்தின் வெளிப்பரப்பிலும் லேன் தரையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலே வேண்டாம் என்று ஒரு கட்சியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி, பின்லாந்தின் ஓஸ்கு பலெர்மா இருவரும் இரண்டு கையாலும் பந்தை ஏந்தி, கட்டைவிரலைத் துளையில் விடாமல் வீசுகிறவர்கள். ஏகலைவனுக்கு இது தெரியாமல் போயிற்று. ஆனால் ஆட்டத்தையே புதிதாகக் கற்க வேண்டும். அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பான அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதிப்படி 2020 ஆகஸ்ட் 1 முதல் பந்தில் உள்ள ஒவ்வொரு துளையும் பிடிக்கப் பயன்பட வேண்டும். கட்டைவிரல் துளையை வைத்துக்கொண்டு அதில் விரலை விடாமல் வீச அந்த விதியில் இடமில்லை, துளையை நிரப்பியாக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் என் முதுகு இந்த இரண்டு கை வீச்சுக்கு ஒப்பவில்லை.

நான் எடுத்த முடிவு

கணுவில் காய்ப்பு உள்ளவர், அதாவது பழைய நான், முதலில் நகப் பக்கம் ஒரு டேப் ஒட்டி ஆடிப் பார்க்க வேண்டும். சிக்குகிற துளையில் டேப்பா என்று மனசு ஒப்பாது. ஒட்டுங்கள். கையைத் தொங்கவிட்டு, பிடியைத் தளர்த்தி, மெல்ல ஆட்டிப் பார்க்கும்போது பந்து தானாக விரலில் தங்க வேண்டும். தங்கவில்லை என்றால் இன்னொரு துண்டு. தங்குகிறது, ஆனால் உருவும்போது தோல் இழுக்கிறது என்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள். விளிம்பால் கீறல் விழுகிறவர் விளிம்புக்கு மட்டும் உப்புத்தாளை எடுக்கலாம். சுற்றிலும் சிவப்பவர் அரங்கத்தின் குளிரில் ஒரு தடவை சோதித்துவிட்டு, அப்போதும் இறுக்கம் என்றால் துளைக்காரரிடம் கொடுங்கள்.

நான் அந்தக் கெட்ட துளையை ஸ்லக் போட்டு மீட்டேன், ஸ்பேருக்கென்று, அதாவது முதல் வீச்சில் மிஞ்சும் பின்களைச் சாய்ப்பதற்கென்று, இரண்டாவது பந்து வாங்கும் யோசனை இருந்ததால் கழற்றி மாட்டும் வகையாகவே போட்டுக்கொண்டேன். ஒரு பந்து மட்டும் என்றிருந்தால் வெறும் ஸ்லக்கோடு நின்றிருப்பேன். முட்டை வடிவத்தில் துளை போடச் சொன்னேன், பட்டறை அண்ணன் வெர்னியரில் எடுத்த இரண்டு அளவையும் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துளைக்காரர் சிரித்துவிட்டு, தன் கருவியிலும் அளந்து பார்த்துக்கொண்டார். இரண்டும் ஒத்துப்போயின.

இப்போது நகப் பக்கம் இரண்டு துண்டு நிரந்தரம். மூன்றாவதை அரங்கத்துக்குள் போய்க் கால்மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஒட்டுகிறேன். மூன்றாவது கேமில் விரல் தடிக்கும்போது அதை உருவிவிடுகிறேன். சாமணம் இப்போது என் பையிலேயே இருக்கிறது, வீட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் தங்கச்சி மகளுக்குக் கொலுசு வாங்கச் செவ்வாய்ப்பேட்டை போனபோது பட்டறை அண்ணன் என் கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"கணுவுல இருந்த காய்ப்பக் காணோமே. குண்டு வெளையாடுறத விட்டுட்டீங்களா தம்பி?"